மிஞ்சிய பாதிப் பாலத்திலிருந்து

பாலத்தில் மிஞ்சிய பாதியில்
சிவப்பு பெயின்டால் மூன்று புள்ளிகள் வைத்தேன்,
கேமரா முக்காலியின் கால்களுக்கு.
மாதம் ஒருமுறை, அதே புள்ளிகள், அதே லென்ஸ்,
காலை ஏழு மணி.

அதற்கு முன் நான் பாஸ்போர்ட் படம் எடுப்பவன்.
காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது,
இவ்வளவுதான் என் கலை.
டொமினிக்காவின் கிழக்குக் கரையில் எங்கள் ஊருக்கு
அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

சூறாவளி ஒரே இரவில் கடந்து போனது.
விடிந்தபோது மலையில் ஓர் இலை இல்லை.
ஓர் இலை என்றால் ஓர் இலை.
மலை முழுக்க வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
கிளைகளில் கூரைத் தகடுகள்
பிழிந்து போட்ட துணிபோல் தொங்கின.

முதல் மாதம் ஆளாளுக்கு என்னை இழுத்துப் போனார்கள்.
"இந்த ஓட்டையை எடு."
"இதை எடு, இங்கேதான் அடுப்பு இருந்தது."
நிவாரண மனுவோடு இணைக்க வேண்டும்;
படம் இல்லையென்றால் சேதம் இல்லை.
வீடு போய், வாசலின் மூன்று படிகள் மட்டும் நின்றன க்ளோதில்டாவுக்கு.
அவற்றின் உச்சியில் ஏறி நின்று
"நானும் தெரியணும்" என்றாள்.
பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்: சிரிக்கக் கூடாது.
சிரித்துவிட்டாள்.
அந்தப் படத்தை அலுவலகம் திருப்பி அனுப்பியது.

இரண்டாம் மாதம் நீலத் தார்ப்பாய்.
மூன்றாம் மாதம் நீலத் தார்ப்பாய்.
நான்காம் மாதம் நீலம் சற்று வெளுத்திருந்தது.
முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதினேன்,
பிறகு அடித்துவிட்டேன்.

இலை வந்துவிட்டது, கூரைக்கு முன்பே.
கிளை இல்லாத மரங்களில் அடிமரத்திலிருந்தே முளைத்தது,
காலில் மயிர்போல், விகாரமாக.
மரத்துக்கு மனு எழுதும் வேலை இல்லை.

ஆண்டு நிறைவுக்குத் தலைநகரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்
படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு
"முதலும் கடைசியும் போதும்" என்றார்.
நடுவில் பத்து இருந்தன.
அவற்றில்தான் அனிசேட்டஸ்
வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்துகிறான்.
தண்ணீர் லாரிக்கு வாளிகள் வரிசையில் நிற்கின்றன,
ஆட்கள் நிழலில்.
கம்பம் வருகிறது, கம்பி வரவில்லை.
கம்பி வருகிறது, கரண்ட் வரவில்லை.
வலது ஓரத்தில் எப்போதும் ஜாஹீல் என்ற பையன்;
மாதாமாதம் அவன் கால்சட்டை
கணுக்காலை விட்டு மேலேறுகிறது.

அனிசேட்டஸ் மகளுக்கு முதல் நற்கருணை.
"தார்ப்பாய் விழாமல் எடு" என்றான்.
ஓட்டையை எடு என்று கையைப் பிடித்து இழுத்தவன்.
இடப்பக்கம் திருப்பினேன், அடுத்த வீட்டுத் தார்ப்பாய்.
வலப்பக்கம், தேவாலயத்தினுடையது.
கடைசியில் மண்ணில் மல்லாந்து படுத்து
வெள்ளை உடுப்போடு அவளை
வானத்தின் முன்னால் எடுத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
மரங்கள் அடர்ந்திருந்தவரை
ஓடைக்கு அக்கரையில் ஒரு வீடு இருப்பது
க்ளோதில்டாவுக்குத் தெரியாது.
மலை மொட்டையான பிறகு, கரண்ட் இல்லாத இரவுகளில்
தார்ப்பாயை விலக்கினால் எதிர்ச்சரிவில் ஒரு விளக்கு.
இவள் டார்ச்சை இருமுறை அணைத்து ஏற்றுவாள்.
அங்கிருந்தும் இருமுறை.
பகலில் போய்ப் பார்க்கலாமே என்றேன்.
"பார்த்தால் பேசணும்.
பேசினால் கூரையைப் பற்றித்தான் பேசணும்."

பதினான்காம் மாதம் அவளுக்குக் கூரை ஏறியது.
சிவப்புத் தகடு, மழை பெய்தால் காது அடைக்கும்.
அன்று இரவு கேமராவோடு வரச் சொன்னாள்.
ஜன்னலில் நின்று டார்ச்சை இருமுறை அணைத்து ஏற்றினாள்.
காத்திருந்தோம்.
மறுபடி இருமுறை.
நான் ஷட்டரை முப்பது நொடி திறந்து வைத்தேன்.

படத்தில் அக்கரை இல்லை.
அவள் டார்ச் எட்டிய தூரத்துக்கு
இலைகள் மட்டும் விழுந்திருந்தன,
பச்சையாக, ஒன்றின்மேல் ஒன்று.
குறிப்பேட்டில் தேதியை எழுதினேன்.